இருபத்து நான்கு தலைக்கட்டும் வானத்து ஒண்டிக்கட்டைகளும்

வெள்ளையேந்தல் என்று எங்கள் ஊருக்குப் பெயர் வைத்த புண்ணியவான் ஊரை ஒரு நாளும் கண்ணால் பார்த்திருக்க மாட்டான், ஏனென்றால் இங்கே வேப்பிலை கறுப்பு, கோழி கறுப்பு, கொடியில் காயும் வேட்டி கறுப்பு, பிள்ளை தும்மினால் தும்மலும் கறுப்பு, ராமநாதபுரத்துச் சீமையில் சீமைக்கருவேலம் மண்டிய நாளிலிருந்து அதை வெட்டி அடுக்கி, மண் பூசி மூட்டம் போட்டு, கரியாக்கி லாரியில் ஏற்றுவதைத் தவிர எங்களுக்கு வேறு பிழைப்புக் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில், ஒரு மாசி மாதத்து முற்பகலில், இருளாயி தன் மூட்டத்தைப் பிரித்தபோது, உள்ளே கிடந்த கரிக்கு நடுவிலிருந்து சுளகு அகலத்தில் தட்டையாக ஒன்று எழும்பி, இடுப்பு உயரத்துக்கு வந்து, பிடிமானம் எதுவும் இல்லாமல் அங்கேயே நின்றுவிட்டது.

நடுவில் ஓர் அறுகோணம், அதைச் சுற்றி ஆறு, ஆக ஏழு அறை கொண்ட தேனடை மாதிரி இருந்தது. கோடுகள் வந்து சேரும் மூலைகளில் நாவற்பழம் அளவுக்கு ஒவ்வொரு கரி உருண்டை, எண்ணிப் பார்த்தால் இருபத்து நான்கு, அவற்றில் விளிம்பில் இருந்த பன்னிரண்டுக்கு மட்டும் ஆளுக்கொரு கடுகளவு மினுக்கு ஒட்டியிருந்தது. கீழே கையை விட்டுப் பார்த்தோம், மேலே துண்டை வீசிப் பார்த்தோம், கயிறும் இல்லை கம்பியும் இல்லை. அதைத் தொட்டவன் கையில் கரி ஒட்டவில்லை. அது மிதந்ததைக்கூட நாங்கள் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கையில் ஒட்டாத கரியை எங்கள் பரம்பரையில் யாரும் பார்த்ததில்லை என்பதால் அதைத்தான் நாள் முழுக்கப் பேசினோம்.

அது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை, யாருடையது என்றுதான் கேட்டோம். ஊர்த்தலைவரை நாங்கள் அம்பலம் என்போம். அப்போது அம்பலமாக இருந்த வில்லாயுதம் எதையும் மூன்று தடவை எண்ணாமல் நம்பாத மனிதர், கோழிக்கூட்டை அடைக்கும்போதுகூட மூன்று தடவை எண்ணுவார், அவர் விரலை நீட்டி நீட்டி மூலைகளை மூன்று தடவை எண்ணிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"மூலை இருபத்து நாலு. நம்ம தலைக்கட்டும் இருபத்து நாலு. இது ஊருக்கு வந்ததுப்பா, ஒரு ஆளுக்கு வந்ததில்ல."

தலைக்கட்டு என்றால் ஒரு குடும்பம், அதாவது கல்யாணமாகி ஆண்தலை ஒன்று இருக்கிற அடுப்பு. ஏந்தல்காத்தாள் கோயிலில் வைகாசி கடைசி வெள்ளிக்குத் தலைக்கட்டுக்கு ஒரு பானை வீதம் இருபத்து நான்கு பொங்கல் பானை வைப்போம், பானை வைத்தவன் ஊர்க்காரன், வைக்காதவன் வந்தவன், இதற்கு மேல் எங்கள் ஊரில் குடியுரிமைச் சட்டம் ஒன்றும் கிடையாது. இருளாயிக்குப் பானை கிடையாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் விளாத்திகுளம் பக்கமிருந்து கட்டை வெட்ட வந்த கூட்டத்தோடு வந்தவள், மழைக்குக் கூட்டம் திரும்பியபோது காய்ச்சலில் கிடந்ததால் நின்றுபோனவள், தாய் தகப்பன் இல்லை, கல்யாணம் இல்லை, மூட்டக்களத்து ஓரத்தில் ஒரு குடிசையும் இரண்டு மண்வெட்டியும் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் மூட்டம் காப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வெள்ளைப் புகை வந்தால் கட்டையில் இன்னும் ஈரம் இருக்கிறது, நீலப் புகை வந்தால் கரி பழுத்துவிட்டது, உடனே துளைகளை அடைக்க வேண்டும், கொஞ்சம் கண் அசந்தாலும் காற்றுப் புகுந்து மொத்தமும் சாம்பல், இந்த வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவில் வருகிற ஒரு நிறத்தை அவள் ஒருத்திதான் பார்ப்பாள், நாங்கள் பார்த்த மாதிரி தலையை ஆட்டுவோம். அவள் கரியை ஒன்றோடொன்று தட்டினால் வெண்கலம் மாதிரிச் சத்தம் வரும்.

அந்த வருஷம் தைப்பொங்கலுக்கு முந்திய கூட்டத்தில், கண்மாய்க் கருவேலம் குறைந்துகொண்டே போகிறது, ஆனி பிறந்ததும் தலைக்கட்டுக்காரர்கள் மட்டும்தான் களத்தில் மூட்டம் போடலாம் என்று முடிவாகியிருந்தது. யாரையும் மனதில் வைத்துச் செய்த முடிவு இல்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டோம், ஆனால் களத்தில் தலைக்கட்டு இல்லாத ஆள் அவள் ஒருத்திதான். வைகாசிப் பொங்கலுக்குள் பானை கிடைத்தால் இருக்கலாம், இல்லையென்றால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்த வழியே போக வேண்டும். எங்கே போவாள் என்று அவளுக்கும் தெரியாது.

அன்றைக்கு, தன் மூட்டத்திலிருந்து வந்த அதிசயத்தை ஊர் எடுத்துக்கொண்டதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், அவள் அம்பலத்திடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஐயா, அதை ஊரே வச்சுக்கங்க. எனக்கு ஒரு பானைக்கு எடங் குடுங்க."

"இருளாயி, ஒனக்கே தெரியும். அடுக்குக்கட்டை எரிஞ்சாக் கரி, ஒண்டிக்கட்டை எரிஞ்சாச் சாம்பல். நான் சொன்னதில்ல, நம்ம ஊர்ச் சொலவடை" என்றார் வில்லாயுதம், சொலவடையைச் சொன்னவர் ஏற்கெனவே செத்துப்போனதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது.

நாலாம் நாளிலிருந்து வரத்துப்போக்கு ஆரம்பித்தது. உச்சிவேளையில் களத்துக்கு மேலே கானல் ஓடும் அல்லவா, அந்தக் கானலிலிருந்து ஒரு துளி மட்டும் பிய்ந்து வந்த மாதிரி, நிறமும் இல்லாமல் நிழலும் இல்லாமல், ஒன்று வானத்திலிருந்து இறங்கி அந்தக் கரிக்கு மேலே வந்து நிற்கும், சுற்றும், ஒரு மூலைக்குப் பக்கத்தில் போகும், தயங்கும், திரும்பிப் போய்விடும். பிறகு இன்னொன்று வரும், அதுவும் போகும். உட்காரவே உட்காராது. நாங்கள் இதைப் பார்த்துத் திகைக்கவில்லை, எங்களுக்குப் பழக்கமான விஷயம் இது. கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு இலை போட்டிருக்கும், எல்லோருக்கும் பசி வயிற்றைக் கிள்ளும், ஆனால் 'நீங்க உக்காருங்கண்ணே', 'அட, நீங்க உக்காருங்க மாப்ள' என்று வாசலிலேயே நிற்போம், யாராவது ஒருவர் வெட்கத்தை விட்டு முதல் இலையில் உட்கார்ந்துவிட்டால் அடுத்த மூச்சில் பந்தி நிறைந்துவிடும். முறைப்படி அழைக்காததால்தான் விருந்தாளிகள் திரும்பிப் போகிறார்கள் என்று முடிவுகட்டி, களத்து வாசலில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, இருபத்து நான்கு வீட்டு ஆண்களும் சட்டை போட்டுக்கொண்டு போய் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டு அழைத்தோம். வெற்றிலையை வெள்ளாடு தின்றது. விருந்தாளிகள் வழக்கம்போல வந்து, சுற்றிவிட்டு, போய்விட்டார்கள்.

அப்போதுதான் நடுநிலைப் பள்ளிக்கூடத்து சயின்ஸ் டீச்சர் மலர்க்கொடி, கமுதியிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவர், மத்தியானச் சாப்பாட்டு மணிக்குக் களத்துக்கு வந்தார். வந்தவர் டிபன்பாக்ஸைத் திறக்காமல் அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்கப் பார்க்க அவர் கண் நிறைந்துவிட்டது.

"இதப் படத்துலதான் பார்த்திருக்கேங்கய்யா" என்றார். "நட்சத்திரத்துக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவுல இருக்கிற வெட்டவெளியில இந்த மாதிரி கரிக்கூடுங்க கணக்கில்லாமக் கெடக்கு. ஆனா கண்ணுக்கே தெரியாது, ஒரு பொட்டுக் கரித்தூளுக்குள்ள கோடிக்கணக்குல அடைக்கலாம், அவ்வளவு சின்னது. இது எப்படி இம்புட்டுப் பெரிசா வந்து நிக்கிதுன்னு எனக்குச் சொல்லத் தெரியல."

"வந்துட்டு வந்துட்டுப் போறாகளே, அவுக யாரு?" என்றார் அம்பலம்.

"ஹைட்ரஜன் அணுங்கய்யா. நம்ம குடிக்கிற தண்ணியில இருக்கிற அதே ஹைட்ரஜன். அங்க ஒண்ணொண்ணும் தனித்தனியா அலையும். அவ்வளவு பெரிய வெளி, ஒண்ணு இன்னொண்ணை நேருக்கு நேர் பார்க்கவே வருஷக்கணக்கா ஆகும்."

அம்பலம் தலையை ஆட்டினார். "அப்ப ஒண்டிக்கட்டைன்னு சொல்லுங்க."

"ஆமாங்கய்யா" என்றார் டீச்சர், "ஒண்டிக்கட்டைதான்."

உட்காராததற்கும் அவர் ஒரு காரணம் சொன்னார். ஒவ்வொரு கரிக்கும் நாலு கை உண்டு, மூன்று கையால் பக்கத்தில் இருப்பவர்களைப் பிடித்திருக்கிறது, ஓரத்துக் கரிகளுக்கு அதில் ஒரு கையில் இருப்பது அந்தக் கடுகு மினுக்கு, அதுவும் முன்னாலேயே வந்து சேர்ந்த ஒரு ஹைட்ரஜன்தான், நாலாவது கையை இருபத்து நான்கு பேரும் பொதுவில் போட்டிருக்கிறார்கள், அந்தப் பொதுக்கையில்தான் மொத்தக் கூட்டுக்கும் பலம். புதிதாக ஒன்று வந்து சேர வேண்டுமென்றால் யாராவது ஒருவர் தன் நாலாவது கையைப் பொதுவிலிருந்து எடுத்து அதற்குக் கொடுக்க வேண்டும், கொடுத்தால் தட்டையான வரிசையை விட்டுத் தான் மட்டும் மேலே எழும்பி நிற்க வேண்டும், அதனால்தான் முதல் ஆள் வந்து சேர்வது கஷ்டம். ஒருவர் எழும்பிவிட்டால் அவரோடு கைகோத்திருந்த பக்கத்து ஆளின் கை சும்மா தொங்கும், அப்புறம் வருகிற இரண்டாவது ஆளுக்குக் கஷ்டமே இல்லை. இதையெல்லாம் இருளாயி சற்றுத் தள்ளி, தன் அடுத்த மூட்டத்தின் புகையில் ஒரு கண்ணும் டீச்சரின் வாயில் ஒரு கண்ணுமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பங்குனி பிறந்து ஒன்பதாம் நாள் முதல் ஒண்டிக்கட்டை உட்கார்ந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பில், ஏற்கெனவே ஒரு கடுகு மினுக்கை வைத்துக்கொண்டிருந்த ஒரு மூலைக் கரி, முழங்காலில் கையூன்றி எழுவதைப் போல மெல்ல வரிசையை விட்டு மேலே எழும்பியது, எழும்பும்போது மொத்தக் கூடும் ஒரு தரம் நடுங்கியது, வந்த துளி அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு மினுக்கு மினுக்கியது. சொன்னால் சிரிப்பீர்கள், ஊரே கைதட்டினோம். யுகயுகமாகத் தனியாக அலைந்த ஒன்றுக்கு உட்கார இடம் கிடைப்பதைக் கண்ணால் பார்க்கிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள், எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இருந்தது, அதற்கு இன்றைக்கும் நான் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன். டீச்சர் சொன்னபடியே, பக்கத்து மூலையில் இரண்டாவது அன்று சாயங்காலத்துக்குள் வந்து உட்கார்ந்தது. இடம் கொடுத்ததெல்லாம் ஓரத்துக் கரிகள்தான், ஏற்கெனவே ஒருவரை வைத்திருந்தவைதான், நடுவில் இருந்த பன்னிரண்டும் யாரையும் வைத்திராமல் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சப்பென்று கிடந்தன. நான் யாரையும் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் அம்பலத்தின் வீடு ஊருக்கு நடுவில் இருக்கிறது.

இதற்குள் இன்னொரு காரியம் நடந்தது, அதுதான் ஊரைப் பைத்தியமாக்கியது. புதிதாக வரும் ஒண்டிக்கட்டைகளில் சில காலி மூலைக்குப் போகாமல், ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ஒன்றின் பக்கத்தில் வரும், அதைக் கையைப் பிடித்து எழுப்புவது போலக் கூட்டிக்கொள்ளும், இரண்டும் ஜோடியாகிச் சர்ரென்று வானத்துக்குப் போய்விடும், எழும்பி நின்ற கரி மறுபடி தட்டையாகப் படுத்துக்கொள்ளும். இப்படிச் சேர்ந்த ஜோடிகள் கோடானுகோடியாகக் கூடித்தான் வானத்தில் மேகமாகி, அந்த மேகத்திலிருந்துதான் நட்சத்திரம் பிறக்கிறது என்று டீச்சர் சொல்லி வாயை மூடவில்லை, கல்யாணம் பண்ணி வைக்கிற கரி என்று அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. கடலாடி, முதுகுளத்தூர், சாயல்குடி என்று சுற்றுப்பட்டு முழுக்கச் சேதி போய், மஞ்சள் நூல் சுற்றிய ஜாதகக்கட்டோடு தாய்தகப்பன்மார் வர ஆரம்பித்தார்கள், நாற்பத்திரண்டு வயதான பஸ் கண்டக்டர் ஒருவர் டூட்டிச் சட்டையோடு வந்து விழுந்து கும்பிட்டார், யாரோ 'ஜோடிக்கரி' என்று பிளக்ஸ் அடித்துக் கட்டினார்கள்.

வரிசையை ஒழுங்குபடுத்தும் வேலையைப் பஞ்சவர்ணம் எடுத்துக்கொண்டாள். அவள் ஊர்க்கடைசி வீட்டுக்காரி, மாமியார், புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்ட நாத்தனார், அந்த நாத்தனாரின் இரண்டு பிள்ளைகள் எல்லோரும் அவள் அடுப்பில்தான், வாய் மட்டும் ஊருக்கே போதுமான அளவு உண்டு. ஏழு கல்யாணம் முடித்து வைத்தவள் என்ற பெருமை அவளுக்கு. எட்டாவதாக இருளாயியைப் பிடித்தாள்.

"பெருநாழியில ஒருத்தர் இருக்காரு. கோழிப்பண்ணை வச்சிருக்காரு, பொண்டாட்டி செத்து ரெண்டு வருசமாச்சு. நல்ல மனுசன், குடி கெடையாது, பல்லு பூரா இருக்கு."

"பல்லு எனக்கும்தான் பூரா இருக்கு மதினி."

"வெளையாடாத. கழுத்துல ஒரு தாலி ஏறட்டும், அவரை இங்கனயே கூட்டியாந்துருவோம், நீயும் தலைக்கட்டு, ஒம் பானையை எவன் தடுப்பான்?"

இருளாயி மூட்டத்தில் விழுந்த ஒரு விரிசலை மண் பூசி அடைத்தாள். "நான் கல்யாணத்தை வேணாங்கல மதினி. ஒரு பானை வைக்கணுங்கறதுக்காக ஒருத்தரைக் கட்ட மாட்டேன். அந்த மனுசனுக்கும் அது மருவாதியில்ல."

பஞ்சவர்ணத்துக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. பெருநாழிக்காரருக்கு வார்த்தை கொடுத்துவிட்டிருந்தாள், வேட்டி எடுக்கிற அளவுக்கு அந்த மனிதர் தயாராகிவிட்டிருந்தார். "அப்ப ஒண்டியாவே கெடந்து சாம்பலாப் போ" என்று சொல்லிவிட்டுப் போனவள், அதற்குப் பிறகு இருளாயி எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சித்திரைக் கடைசியில் பொங்கல் கூட்டம் நடந்தது. பெண்கள் பேசுவதில்லை என்று சட்டம் இல்லை, பேசினதில்லை, அவ்வளவுதான். இருளாயி எழுந்து நின்று தன் பானையைக் கேட்டாள். அம்பலம் களத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

"வானத்துலருந்து வர்ற ஒண்டிக்கட்டையே ஜோடி சேந்துதான் கரையேறுது. கண்ணு முன்னால பாக்குறோம். ஒனக்கு மட்டும் என்னத்தா பிடிவாதம்?"

"பாக்குறீக ஐயா, ஆனா நீங்க கைதட்டுறப்ப மட்டுந்தான் பாக்குறீக" என்றாள் இருளாயி. "நான் மூட்டத்துக்குக் காவல், விடிஞ்சதுலருந்து அடையுறவரைக்கும் அதுக்குப் பக்கத்துலதான் கெடக்கேன். ஜோடி சேந்தது ஒண்ணுகூட இங்கன நிக்கல, எல்லாம் போயிருச்சு. இப்ப அதுல புதுசா அஞ்சு ஒக்காந்திருக்கு, போய் எண்ணிப் பாருங்க. அஞ்சும் ஒத்தையா வந்து ஒத்தையா ஒக்காந்ததுதான். போறதுன்னா ஜோடி வேணும். இருக்கறதுக்கு எடந்தான் ஐயா வேணும்."

இந்தக் காலத்தில் இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவர்களை மேடையில் ஏற்றி மாலை போடுகிறார்கள், நாங்கள் தரையைக் கீறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வில்லாயுதம் நிஜமாகவே எழுந்து களத்துக்குப் போய் மூன்று தடவை எண்ணிவிட்டு வந்தார். ஐந்துதான். ஐந்து இடத்தில் எழும்பி, ஐந்து இடத்தில் வளைந்து, தட்டையாக இருந்த கரி எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது, அதனால் உடைந்துவிடவும் இல்லை, முன்னைவிட அழகாகத்தான் இருந்தது என்று அவரே பின்னால் சொன்னார். ஆனால் அன்று, "கரிக்குச் சட்டம் வேற, ஊருக்குச் சட்டம் வேற" என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்துவிட்டார்.

வைகாசி கடைசி வெள்ளி வந்தது. எங்கள் ஊரில் பொங்கல் கற்களைப் பங்குக்கல்லாக வைப்போம், அதாவது ஒரு கல் அடுத்தடுத்த இரண்டு மூன்று பானைகளுக்கும் பொதுவாகத் தாங்கும், அதனால் இருபத்து நான்கு பானையும் ஒன்றோடொன்று ஒட்டி, இடையில் ஒரு தேங்காய் உருளக்கூட இடமிருக்காது. தீ மூட்டிய பானையைப் பொங்குவதற்கு முன்னால் இறக்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்பது ஐதீகம், ஒருவர் பானையை எடுத்தால் பக்கத்துப் பானையும் ஆடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். எல்லா அடுப்பிலும் தீ பிடித்து, பானைகளின் கழுத்தில் மஞ்சள் கொத்து வாட ஆரம்பித்த நேரத்தில், இருளாயி தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலை முடிந்து, இடுப்பில் புதுப்பானையும் தலையில் ஒரு கட்டு விறகுமாகக் கோயில் முன்னால் வந்து நின்றாள்.

யாரும் போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அவள் வரிசையைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். ஒரு பானைக்குப் பக்கத்தில் நிற்பாள், அந்த வீட்டுக்காரி குனிந்து அடுப்பை ஊதுவாள், இவள் நகர்ந்து அடுத்த பானைக்குப் போவாள். இரண்டாம் சுற்று வந்தபோது அவள் உதட்டைக் கடித்திருந்தாள். நாங்கள் இருபத்து நான்கு குடும்பமும் அம்மனைப் பார்ப்பது போல வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தோம், என் வாழ்நாளில் நான் அவ்வளவு வெட்கப்பட்டு நின்றதில்லை, ஆனாலும் நின்றேன். மூன்றாம் சுற்றில் அவள் விறகுக்கட்டைத் தலையிலிருந்து இறக்கினாள், வைப்பதற்காக அல்ல, திரும்பிப் போக வசதியாகக் கையில் எடுத்துக்கொள்வதற்காக.

அப்போது கடைசி ஓரத்தில் இருந்த பஞ்சவர்ணம், இரண்டு மாதமாக அவளோடு பேசாத பஞ்சவர்ணம், எழுந்தாள். முந்தானையை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, பால் முக்கால் சூடேறிய தன் பானையை அடுப்பிலிருந்து அப்படியே தூக்கி நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டாள். கோயிலே 'ஐயோ' என்றது. அவள் மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். பஞ்சவர்ணம் ஓரத்துக் கல்லைக் குதிகாலால் ஒரு முழம் வெளியே தள்ளிவிட்டு இருளாயியைப் பார்த்துக் கத்தினாள்.

"நிக்கிறா பாரு, நட்டுவச்ச கல்லு மாதிரி! வந்து வையிடி. எனக்குக் கை வேகுது."

இருளாயி ஓடிவந்து இன்னொரு கல்லை நகர்த்தினாள், அது சரியாக உட்காரவில்லை, பஞ்சவர்ணத்தின் நாத்தனார் வந்து அதைச் சரிசெய்தாள், பஞ்சவர்ணம் தன் பானையை வரிசைக்கு வெளியே ஒரு முழம் தள்ளி இறக்கினாள், அதன் பக்கத்தில் இருளாயி தன் பானையை வைத்தாள். கல் நகர்ந்ததில் பக்கத்து வீட்டுக்காரியின் பானை சாய்ந்தது, "யாத்தே, எம் பானை!" என்று அவளும் தூக்கினாள், அங்கே ஓர் இடைவெளி விழுந்தது.

அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றவள் முத்துராக்கு. புருஷன் செத்த பிறகு கொழுந்தன் தலைக்கட்டோடு சேர்த்துவிட்டதால் அவளுக்கும் பானை கிடையாது, ஆறு வருஷமாகப் பின்னால் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறவள். அவள் தன் கட்டைப்பைக்குள் கையை விட்டு, துணி சுற்றிய ஒரு சின்னப் பானையை எடுத்தாள். அதை எத்தனை வைகாசிக்குக் கொண்டுவந்து கொண்டுபோனாளோ, பைக்குள் என்ன இருக்கிறது என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. யாரிடமும் எதுவும் கேட்காமல் நேரே போய் இருளாயிக்கு அந்தப்புறம் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு யாருக்கும் தயக்கமே இல்லை, டீக்கடை வைத்திருக்கும் வெளியூர்க்காரர், மலேசியாவிலிருந்து திரும்பிவந்து தனியாகக் கிடந்த சமையல்காரர், கல்யாணமே வேண்டாமென்று ஆடு வளர்க்கும் வேலம்மாள் என்று மூன்று பேர் பானைக்கு ஓடினார்கள், வரிசை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெளிந்து வளைந்தது, ஒரு பானைகூடக் கவிழவில்லை.

வில்லாயுதம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அம்மன் முன்னால் பொங்கிவிட்ட பானையை இல்லையென்று சொல்ல எந்த அம்பலத்துக்கும் அதிகாரம் கிடையாது, ஆனால் பொங்க வேண்டுமே. பஞ்சவர்ணத்தின் பானைதான் முதலில் பொங்கியது, இறக்கிய பானை பொங்குமா என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஒவ்வொன்றாக, இருளாயியின் பானை தவிர மற்ற இருபத்தெட்டும் பொங்கின. இருளாயியின் விறகு அவசரத்தில் ஈரமானதாக அமைந்துவிட்டது, வெள்ளைப் புகையாக வந்தது. அவள் மண்டியிட்டு ஊதிக்கொண்டே இருந்தாள், கண்ணில் நீர் வழிந்தது, புகையால் என்று வைத்துக்கொள்வோம். குலவைபோட வந்த பெண்கள் குலவையை வாய்க்குள் அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசியில் நுரை பானையின் கழுத்தைத் தாண்டி, கிழக்குப் பக்கமாக வழிந்தது. குலவைச் சத்தம் கண்மாய்க் கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

களத்தில் இருந்த கரி எப்போது கிளம்பிப் போனது என்பதைப் பற்றி இன்றைக்கும் ஊரில் சண்டை உண்டு, அந்த நேரத்தில் அங்கே ஒரு குருவிகூட இல்லை, நாங்கள் எல்லோரும் பானைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து ஒண்டிக்கட்டைகளையும் சுமந்துகொண்டு அது நல்லபடியாகப் போயிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பொங்கி முடிந்ததும் அம்பலம் மைக்கில் தலைக்கட்டுப் பெயர்களை வாசிக்க வேண்டும், ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டுக்காரர் 'இருக்கோம்' என்று குரல் கொடுக்க வேண்டும், அம்மனுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகச் சத்தமாகச் சொல்வார்கள். வில்லாயுதம் பேப்பரைப் பார்த்து இருபத்து நான்கு பெயரையும் வாசித்தார். இருபத்து நான்கு 'இருக்கோம்' வந்தது. பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், பானைகளைப் பார்த்து விரலை ஆட்டி ஆட்டி எண்ணினார், இரண்டாம் தடவை எண்ணினார், மூன்றாம் தடவையும் எண்ணினார். மைக் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"இருளாயி தலைக்கட்டு" என்றார்.

பதில் வரவில்லை. அவள் பானைக்குள் அகப்பையை விட்டு அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டிருந்தாள், பதினோரு வருஷமாக அந்த மைக்கில் தன் பெயர் வந்ததில்லை என்பதால் காதில் விழுந்ததை மனசு வாங்கவில்லை.

"இருளாயி தலைக்கட்டு" என்றார் இரண்டாம் தடவை.

"அடியே, ஒன்னயத்தாண்டி கூப்புடுறாக" என்று பஞ்சவர்ணம் அவள் தோளில் ஓர் அடி வைத்தாள்.

இருளாயி எழுந்து நின்றாள். அகப்பையைக் கையிலேயே வைத்திருந்தாள். வாயைத் திறந்தவள், எல்லோரும் சொல்கிற அந்த வார்த்தையைச் சொல்லப் போய், அது தனக்குப் பொருந்தாது என்பது அப்போதுதான் தெரிந்தது போல நிறுத்தினாள். ஊர் மொத்தமும் அவள் வாயையே பார்த்தது.

"இருக்கேன்" என்றாள்.

அப்படி ஒரு பதிலை அந்தக் கோயில் அதுவரை கேட்டதில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள், சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். வில்லாயுதம் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.